நாற்பத்தாறாம் எண்

திபிலீசி. கிள்தானியில் ஒன்பது மாடிக் கட்டடம்,
இரண்டாம் வாசல்.
இருபத்தெட்டு வருடமாகப் பூட்டே இல்லாத இரும்புக் கதவு.
என் துளைக்கருவி
பச்சை, சாம்பல், பழுப்பு, மறுபடி பச்சை என்று
பழைய பெயிண்ட்டையெல்லாம் கக்கியது.

மேல்சட்டத்தில் காந்தம்.
இருநூற்றெண்பது கிலோ பிடி என்று பெட்டியில் போட்டிருக்கிறது.
மின்சாரம் இருக்கும்வரைதான் அந்தப் பிடிவாதம்,
போனால் கைவிட்டுவிடும்.
தீப்பிடித்தால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று
வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.
குடியிருப்போர் குழுப் பொருளாளர் நாசிகோவுக்கு இது பிடிக்கவில்லை.
"கரண்ட் போனால் திறந்துகொள்ளும் பூட்டுக்கா
வீட்டுக்கு அறுபது லாரி வசூலித்தேன்?"
பேட்டரியைக் காட்டினேன்.
நான்கு மணி நேரம் தாங்கும் என்றேன்.
"ஐந்தாவது மணியில்?"
படிக்கட்டில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே கண் மட்டும், மூளை உள்ளே.
இந்தத் தொழிலில் முதலில் கற்பது அது.
ரீடரைப் பிய்த்தெடுத்தாலும்
திருடன் கையில் நாலு ஒயர்தான் மிஞ்சும்.

பிறகு பெயர்கள்.
கவிழ்த்த ஆப்பிள் பெட்டிமேல் மடிக்கணினி,
வீட்டுக்கு இரண்டு நீல வில்லை.
இருபத்துமூன்றாம் வீட்டு ஜும்பெர் தனியாள்.
அவரும் இரண்டு வாங்கினார்.
"நாற்பத்தைந்து எனக்கு. நாற்பத்தாறு லமாராவுக்கு."
லமாரா இத்தாலியில், பாரியில்,
ஒன்பது வருடமாக
யாரோ ஒருவருடைய அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.
பெயரைத் தட்டினேன். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.
அவர் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுப்
பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

குர்ஷாவை யாரும் நினைக்கவில்லை.
காதில் மஞ்சள் தகடு, நகராட்சி ஊசி போட்ட அடையாளம்.
படுக்கை எப்போதும் லிஃப்டுக்குப் பக்கத்தில்,
வெந்நீர்க் குழாய் சுவருக்குள் ஓடும் இடம்.
முதல் இரவு வெளியே உட்கார்ந்து
சத்தமில்லாமல் காத்திருந்ததாம்.
இரண்டாம் இரவு
சத்தம் போட்டதாம்.

ஜனவரியில் நாசிகோ அழைத்தாள்.
"ரீடர் உயரத்தில் இருக்கிறது. இறக்க வேண்டும்."
எவ்வளவு?
"முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே."
சக்கர நாற்காலியா என்று கேட்டேன்.
"நான்கு கால்" என்றாள்,
அதற்குமேல் பேச விரும்பாத குரலில்.
ரசீதில் எழுதினேன்:
ரீடர் இடமாற்றம், ஒன்று, நாற்பது லாரி.

இப்போது எல்லோரும் குனிந்துதான் நுழைகிறார்கள்.
ஒன்பதாம் மாடி அரசு வழக்கறிஞர்,
எந்த அதிகாரிக்கும் வளையாதவர் என்று பேச்சு,
தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
இடுப்பை முறிக்கிறார்.
குர்ஷா மட்டும் நிமிர்ந்து வருகிறது.
கழுத்துப்பட்டையின் நீல வில்லையை ஓர் உரசு,
தோளால் ஒரு முட்டு.

ஏப்ரலில் பேட்டரி பார்க்கப் போனபோது
பதிவைத் திறந்தேன்.
இரவு 11.42. லமாரா. அனுமதி.
இரவு 11.39. லமாரா. அனுமதி.
அதிகாலை 2.10, பனி கொட்டிய நாளாக இருக்க வேண்டும்,
லமாரா, அனுமதி.
மூன்று மாதம், ஒரு ராத்திரி தவறாமல்.
பெயரை மாற்றிவிடவா என்று ஜும்பெரிடம் கேட்டேன்.
வெகுநேரம் திரையையே பார்த்தார்.
"இதைத் தாளில் எடுத்துத் தர முடியுமா?"
நான்கு பக்கம் வந்தது.
மடிக்காமல் எடுத்துப் போனார்.

ஜூனில் மறுபடி அவரே அழைத்தார்.
இன்னொரு வில்லை வேண்டும்.
யார் பெயருக்கு?
"லமாரா."
தட்டினேன். சிவப்பு எழுத்தில் வந்தது:
இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது.
அவருக்குப் பின்னால், சக்கரப் பெட்டியின் பிடியை விடாமல்,
வெயிலில் கறுத்த ஒரு பெண்
குனிந்து ரீடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதை யார் இவ்வளவு கீழே வைத்தது?"

லமாரா இரண்டு என்று போடட்டுமா என்றேன், மெதுவாக.
அவள் நிமிர்ந்தாள்.
"ஒன்று யார்?"

லிஃப்டுப் பக்கம் எதுவோ
வாலைத் தரையில் அடித்தது.